சரியாயிடும் என்று சொல்லாதவர்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மிஸ்ஸிடமிருந்து யாரும் ஓர் ஆறுதல் வார்த்தையை வாங்கிவிட முடியாது.

கரண்ட் போனால் தெருவே "இப்ப வந்துடும்" என்று சொல்லிக்கொள்ளும். அவர் சொல்லமாட்டார். ஐப்பசி மழையில் கடல் கொந்தளித்துக் கிடந்த ஒரு நாள், மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவரைக் கீழே நின்றபடி என் மாமனார் கேட்டார்.

"புயல் நம்ம பக்கம் வராதுல்லம்மா? படிச்சவங்க நீங்க, என்ன சொல்றீங்க?"

மிஸ் வானத்தை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, "தெரியலைங்க" என்றார்.

மாமனார் உள்ளே வந்து என்னிடம் முணுமுணுத்தார். "வராதுன்னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்? பேச்சுக்காவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

புயல் அன்று வரவில்லை. ஆனால் மாமனாருக்கு அந்தத் "தெரியலைங்க" பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீடு. என் கணவர் குவைத்தில் இருந்தார். மாமி இறந்த பிறகு மாமனாரும் நானும் கைக்குழந்தையாக இருந்த அமீனும்தான் வீட்டில். மாடி சும்மாக் கிடந்ததால் வாடகைக்கு விட்டோம். வந்தவர் நாற்பதை ஒட்டிய வயதுடைய ஒரு பெண்மணி. தடிமனான கண்ணாடி, பருத்திச் சுடிதார், தோளில் பெரிய துணிப் பை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்காக வந்திருப்பதாகச் சொன்னார். என்ன ஆராய்ச்சி என்று மாமனார் கேட்டதற்கு, "குழந்தைங்க எந்த வயசுல எப்படிப் பேசுறாங்க, எப்படி யோசிக்கிறாங்கன்னு பாக்குறது" என்றார். "அதப் பாக்க என்ன இருக்கு? நேரம் வந்தா தானா பேசிட்டுப் போவுது" என்றார் மாமனார். மிஸ் சிரித்துக்கொண்டார்.

எனக்குப் பட்டப்படிப்பு இருந்தது, வேலை இல்லை. தெருத்தெருவாக எந்த வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கூட வந்து உதவ முடியுமா என்று மிஸ் கேட்டார். மாமனார் யோசித்துச் சம்மதித்தார். அமீனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அவருடன் போக ஆரம்பித்தேன்.

மீனவர் குடியிருப்பில் இருந்த பால்வாடிக்குத்தான் அதிகம் போவோம். அவருடைய பையில் இரண்டு துணிப் பொம்மைகளும் மூடி போட்ட இரண்டு டப்பாக்களும் மிட்டாயும் இருக்கும். ஒரு பொம்மை மிட்டாயைச் சிவப்பு டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போகும். அது போன பிறகு இன்னொரு பொம்மை வந்து மிட்டாயை நீல டப்பாவுக்கு மாற்றிவிடும். முதல் பொம்மை திரும்பி வந்தால் மிட்டாயை எங்கே தேடும் என்பது கேள்வி. சின்னப் பிள்ளைகள் நீல டப்பாவைக் காட்டும். தனக்குத் தெரிந்தது பொம்மைக்கும் தெரியும் என்று அவை நினைக்கின்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சிவப்பைக் காட்டும். அடுத்தவர் மனதில் இருப்பது வேறு, தன் மனதில் இருப்பது வேறு என்பது ஒரு பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்பதைத்தான் மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருப்பார். பிள்ளை மூக்கை நோண்டும், ஜன்னலைப் பார்க்கும், அவர் அசையமாட்டார். பொறுக்க முடியாமல் அதன் அம்மா, "சொல்லுடா, செவப்புல தேடும்னு சொல்லு" என்று எடுத்துக்கொடுக்க வந்தால் லேசாகக் கையை உயர்த்துவார். அவ்வளவுதான். பதில் எதுவாக இருந்தாலும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லமாட்டார்.

"எம் புள்ள பாஸா டீச்சர்?" என்று ஒருத்தி விடாமல் கேட்டாள்.

"இது பரீட்சை இல்லைங்க."

"சும்மாச் சொல்லுங்க, மத்த புள்ளைங்களவிட நல்லாச் சொன்னானா?"

"அவன் வயசுக்கு அவன் யோசிச்சதச் சொன்னான்."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு பெண் குழந்தை மட்டும் இரண்டு டப்பாவையும் தொடாமல், "அது அவங்கம்மாகிட்ட போயி கேக்கும்" என்றது. மிஸ் அன்று வீடு வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அந்தக் குடியிருப்பில் அவருக்குக் கெட்ட பெயர் வந்ததும் அவர் வாயால்தான். சொல்லாத வார்த்தையால் என்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போன படகு ஒன்று திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. தகவலும் இல்லை. படகில் போனவரின் மனைவி வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் எல்லோரும், "வந்துடுவாருடி, அழாத" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். அவள் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுவாருல்ல டீச்சர்?" என்று கேட்டாள். மிஸ் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து அவளுடைய பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டார். பாத்திரம் கழுவினார். படகு வந்து சேரும்வரை தினமும் போனார்.

படகு வந்தது. இயந்திரம் பழுதாகி வேறு துறையில் கரையேறியிருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணே தெருவில் சொன்னாளாம், "எல்லாரும் வந்துடுவாருன்னாங்க. அந்தக் கண்ணாடிக்காரி மட்டும் வாயத் தொறக்கல. ராசியில்லாத வாயி." ஆக்கிப்போட்ட சோறு யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. இதை நான் மிஸ்ஸிடம் சொன்னபோது, "அவங்க சொல்றதும் நியாயந்தான்" என்றார். அன்று சாப்பிடவில்லை.

அமீனையும் அவர் தன் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார். பேச ஆரம்பிக்கும் பிள்ளைகளின் குரலை மாதாமாதம் பதிவு செய்வது அவர் வேலையில் ஒரு பகுதி. எங்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்து அமீனோடு விளையாடுவார், பக்கத்தில் சின்னக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அமீனுக்கு ஒன்றேகால் வயது. கைப்பேசியில் அவன் வாப்பா முகம் வந்தால் "வாப்பா" என்பான். "தா" என்பான். மீனை "மீ" என்பான். பூனைக்கும் அவனிடம் ஒரு சொல் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை பதிவு முடிந்த பிறகு மிஸ் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். பிறகு கேட்டார்.

"அமீன் மீன்னு கடைசியா எப்பச் சொன்னான்?"

நான் யோசித்தேன். எனக்கு நினைவில்லை. பிள்ளை முதல்முதலாக ஒரு வார்த்தை சொன்னால் வீடே கூடிக் கொண்டாடுகிறது. அது ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டால் யாருக்கும் தெரிவதில்லை. அன்றைக்குப் பசியில்லை போல, தூக்கம் போல என்று ஒவ்வொரு நாளும் கழிந்துபோகிறது.

"காக்கா, விளக்கு, எதையாவது விரல் நீட்டிக் காட்டி, நீங்க பாக்குறீங்களான்னு உங்க முகத்தத் திரும்பிப் பாக்குறானா?"

இல்லை. வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லி என் கையைப் பிடித்து இழுப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். அவர் கேட்கும்வரை அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

மிஸ் அவன் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் தட்டு ஒன்றைத் தரையில் சுழற்றிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். அவருடைய காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியும். அன்று அதைத் தாங்க முடியவில்லை.

"மொதல்ல காது பாக்கணும். அப்புறம் பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டணும். தள்ளிப்போடாதீங்க" என்றார்.

மாமனார் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் லேட்டாத்தான் பேசுவாங்க. இவன் வாப்பா மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். பேசுன புள்ளையக் கண்ணுபட வச்சுட்டு இப்ப டாக்டர் கீக்டர்ங்குறாங்க." குவைத்திலிருந்து என் கணவர், "செல்ல அவன் கையில குடுக்காதே, அதான் இப்படி. அந்தம்மாவ வேற வீடு பாக்கச் சொல்லு" என்றார்.

நான் மாடிக்குப் போனேன். மிஸ் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"செல் பாத்ததாலயா மிஸ்?"

"இல்லை. நீங்க எதுவும் பண்ணலை."

அந்த ஒன்றை மட்டும் தயங்காமல் சொன்னார். நான் அழுதேன். "சரியாயிடும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ். வேற ஒண்ணும் வேணாம். எனக்காக."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அது என்னால முடியாது" என்றார். "பாண்டிச்சேரிக்கு நான் கூட வரேன்."

மாமனாரிடம் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சொன்னேன். அவர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். காரைக்காலில் பஸ் ஏறினோம். பஸ் ஓடும்போது அமீன் அமைதியாக இருந்தான். நிற்கும் இடமெல்லாம் அலறினான். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. மிஸ் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியை அவன் கைக்குக் கொடுத்தபடி வந்தார்.

அவன் காதில் குறை இல்லை. இன்னோர் அறையில் ஒரு டாக்டர் எங்களிடம் நிறையக் கேட்டார். அமீனைத் தரையில் விட்டுப் பார்த்தார். பிறகு ஆட்டிசம் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து டாக்டர் இரங்கியிருக்க வேண்டும். "சின்னப் பையன்தானம்மா. பயிற்சி குடுங்க. எல்லாம் சரியாயிடும்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, "டாக்டரே சொல்லிட்டாரு மிஸ்" என்றேன்.

"பயிற்சி குடுத்தா நெறைய மாறும். அது உண்மை. எல்லாம் சரியாயிடும்கறத அவர் சொல்லியிருக்கக் கூடாது. அது அவருக்குத் தெரியாது."

"உங்களுக்கு மட்டும் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. தெரியாததச் சொல்லலை."

அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன். சிதம்பரத்தில் பக்கத்து இருக்கை காலியானதும் மிஸ் எழுந்து வந்து உட்கார்ந்தார். அமீன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் காலைப் பார்த்துக்கொண்டே, கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். இவன மாதிரிதான். அப்ப யாருக்கும் இதுக்குப் பேரு தெரியாது. வளர்ந்தா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கம்மா நம்பிக் காத்துக்கிட்டே இருந்தாங்க. பன்னெண்டு வயசுல ஒரு நாள் வீட்ட விட்டு நடந்து போயிட்டான். பேரு கேட்டா சொல்லத் தெரியாது அவனுக்கு."

"அப்புறம்?"

"கெடைக்கலை."

"அதனாலதான் நீங்க இப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"அப்படி முடிச்சுப் போட்டுடாதீங்க. நான் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். எங்கம்மாவுக்கே என்னைப் பிடிக்காது."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

வீட்டிலேயே பயிற்சி தொடங்கியது. மாதம் ஒருமுறை பாண்டிச்சேரி. மற்ற நாட்களில் அங்கே காட்டிக்கொடுத்ததை நானும் மிஸ்ஸும் செய்தோம். அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் கண் நம்மேல் படும்வரை காத்திருந்து, பட்டவுடன் பந்தை உருட்ட வேண்டும். மாமனார் அவனை நாகூர் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். மிஸ் கூடவே வந்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் அவருக்கு நம்பிக்கை உண்டா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் படியிறங்கி வந்து, "அமீன ஆராய்ச்சியிலேருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

"ஏன்?"

"இயல்பா வளர்ற பிள்ளைங்களப் பத்தின ஆராய்ச்சி இது. இவன் அந்தக் கணக்குல வரமாட்டான்."

வேறு யாராக இருந்தாலும் இதை மறைத்திருப்பார்கள். மறைத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அமீன் படியில் உட்கார்ந்து செருப்பு வாரை நிமிண்டிக்கொண்டிருந்தான். கணக்கில் வராதவன் என்ற சொல்லை ஒரு தாய் எப்படி வாங்கிக்கொள்வது? மிஸ்ஸின் கண்களும் சரியாக இல்லை. "பதிவு செஞ்ச அவன் குரல அழிக்கணும்" என்றார். "அது உங்க பிள்ளையோடது. உங்களுக்கு வேணும்னா தந்துட்டுத்தான் அழிப்பேன்."

வாங்கிக்கொண்டேன். ஆனால் கேட்கத் தைரியம் வரவில்லை.

கேட்டது என் கணவர். விடுமுறையில் வந்தவர், விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து மகனைத் தூக்கினார். அவன் நெளிந்து இறங்கிச் சுவர்ப்பக்கம் போய்விட்டான். மூன்றாம் நாள் மதியம் பதிவைப் பற்றிச் சொன்னேன். மிஸ்ஸைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, "நீங்களே போடுங்க" என்றார். காலி பண்ணச் சொன்னவரின் முன்னால் மிஸ் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டார். பாத்திரச் சத்தம். என் சிரிப்பு. பிறகு அந்தச் சின்னக் குரல், "வாப்பா."

"இன்னொரு தடவ" என்றார் என் கணவர். மிஸ் போட்டார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டார். மாமனார் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அமீன் அந்தக் குரலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது திரும்ப வருமாங்க?" என்றார் என் கணவர்.

"சிலருக்கு வருது. சிலருக்கு வேற வார்த்தைங்க வருது. சிலருக்கு வர்றதில்லை. இவனுக்கு எப்படின்னு தெரியலைங்க."

வீட்டைக் காலி செய்வது பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

இப்போது அமீனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. என் தோளுயரம் இருக்கிறான். பசித்தால் "சோறு" என்பான், வேண்டாம் என்றால் "போ" என்பான், இன்னும் சில சொற்கள் உண்டு. கையெழுத்து அழகாக இருக்கும், என்ன எழுதினான் என்று சொல்லமாட்டான். வாசல் கதவுக்கு உள்தாழ் இரண்டு போட்டிருக்கிறோம். அவன் சட்டையின் உள்பக்கத்தில் எங்கள் தொலைபேசி எண்ணைத் தைத்துவைக்கச் சொன்னது மிஸ்தான். வாப்பா என்ற சொல் திரும்பவில்லை. என் கணவர் ஊரோடு வந்து காரைக்காலில் கடை வைத்திருக்கிறார். மாமனார் காலமாகிவிட்டார்.

பல வருடங்களுக்கு முன், ஆராய்ச்சி முடிந்து மிஸ் கிளம்பிய நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோ வாசலில் நின்றது. அவர் அமீன் முன்னால் மண்டியிட்டு, "அமீன், மிஸ் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார். அவன் தூணில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மிஸ் எழவில்லை. மறுபடி அடித்தார். அப்புறம்தான் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்து, என்னிடம்கூடச் சொல்லாமல் ஏறிக்கொண்டார்.

அவரோடு நான் கடைசியாகப் பேசியது அதற்கு அடுத்த வாரம். போய்ச் சேர்ந்த விவரம் சொல்லத்தான் அழைத்தார். பேச்சுவாக்கில் நான், "அமீன் நேத்து தானா மாடிக்குப் போனான் மிஸ். உங்க ரூம்ல நின்னுக்கிட்டிருந்தான்" என்றேன்.

"எங்க நின்னான்?"

"நடு ரூம்ல."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம். நான் போயித்தான் கூட்டிட்டு வந்தேன்."

இதெல்லாம் அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்தான். அடுத்து எந்தப் பக்கம் பார்த்து நின்றான், கையை என்ன செய்தான் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. வேறொரு குரலில், "என்னைத் தேடித்தான் போனானா?" என்றார்.

நான் பதில் சொல்லத் தாமதித்தேன். அவர் காத்திருக்கவில்லை. அவசரமாக இன்னொருமுறை கேட்டார்.

"என்னைத் தேடுனானா?"

"ஆமா மிஸ். உங்களத்தான் தேடுனான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, வச்சுடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அமீன் மாடியேறிய அன்று, அங்கே வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவர் காய்வதற்காக மின்விசிறியை ஓடவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஏறிப் போனபோது அமீன் அதன் கீழே அண்ணாந்து, சுற்றும் இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவிட்சை அணைத்தேன். அது சுற்றி நிற்கும்வரை நின்றுவிட்டு, அவனாகவே கீழே இறங்கிப் போனான்.